சம்பள எழுத்தும் மனச்சாட்சியும்: தென்காசி வட்டாரத்து இதழாளர்கள்

சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர், தமக்கு உடன்பாடில்லாததையும் எழுதத்தான் வேண்டுமா? ஒப்புக்கொண்ட வேலையை ஒழுங்காகச் செய்வது தொழில் அறம். நம்பாததை எழுத மறுப்பது சொந்த அறம். இவ்விரண்டும் மோதும்போது என்ன செய்வது என்பது தமிழ் இதழியலில் பழைய கேள்வி. இதற்கு வெவ்வேறு விடை கண்ட இதழாளர்கள் சுரண்டைக்கு அருகிலுள்ள தென்காசி வட்டாரத்தோடு தொடர்புடையவர்கள் என்பதை மாணவர்கள் பலர் அறிவதில்லை.

பாரதியின் முன்மாதிரி

கடையத்து மருமகனான சுப்பிரமணிய பாரதி 1904-இல் ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திரன்' நாளிதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். மொழிபெயர்ப்பே அங்கு அவருடைய முக்கிய வேலை. அவருடைய அரசியல் வேகம் அந்த ஏட்டின் போக்குக்குள் அடங்கவில்லை. 1906-இல் 'இந்தியா' வார இதழின் வழியே தம் கருத்துகளைத் தடையின்றி எழுதத் தொடங்கினார்.

அதற்கும் ஒரு விலை இருந்தது. 1908-இல் அரசு 'இந்தியா' மீது வழக்குத் தொடுத்தபோது, பதிவேட்டில் ஆசிரியராகப் பெயர் இருந்த சீனிவாசன் கைதாகிச் சிறைத் தண்டனை பெற்றார். பாரதி புதுச்சேரிக்குச் சென்றுவிட்டார். ஒருவரின் எழுத்துக்கு மற்றொருவர் தண்டனை அனுபவிக்க நேர்ந்ததையும் வரலாறு மறைக்கக்கூடாது. பத்தாண்டுகளுக்குப் பின் தமிழகம் திரும்பிய பாரதி, கடையத்தில் வறுமையோடு வாழ்ந்தார். 1920-இல் மீண்டும் 'சுதேசமித்திர'னிலேயே துணையாசிரியரானார்.

சொக்கலிங்கம் வெளியேறியது

டி. எஸ். சொக்கலிங்கம் 1899-இல் தென்காசியில் பிறந்தவர். அவருடைய தமையனார் மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை, 1911-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் கொல்லப்பட்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களுள் ஒருவர். அத்தகைய குடும்பச் சூழலில் வளர்ந்த சொக்கலிங்கம் விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டு, பி. வரதராஜுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' இதழில் பணியாற்றினார். பின்பு அதிலிருந்து விலகி 1931-இல் 'காந்தி' இதழைத் தொடங்கினார். 1933-இல் கு. சீனிவாசன், வ. ரா. ஆகியோருடன் சேர்ந்து 'மணிக்கொடி'யைத் தோற்றுவித்தார்.

பாரதியின் நினைவு நாளான 1934 செப்டம்பர் 11 அன்று எஸ். சதானந்த் 'தினமணி'யைத் தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர் சொக்கலிங்கமே. ஏடு பின்னர் ராம்நாத் கோயங்காவின் உரிமைக்கு வந்தது. கோயங்காவும் கொள்கைப் பிடிப்பில்லாதவர் அல்லர். 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின்போது தணிக்கைக்குப் பணிய மனமின்றி 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' வெளியீட்டையே நிறுத்தி வைத்தவர் அவர். ஆனாலும் 1943-இல் உரிமையாளருக்கும் ஆசிரியருக்கும் இடையே கருத்து வேறுபாடு முற்றிச் சொக்கலிங்கம் விலகினார். புதுமைப்பித்தன் உள்ளிட்ட உதவியாசிரியர்கள் சிலரும் அவருடன் வெளியேறினர்.

1944-இல் சொக்கலிங்கம் தொடங்கிய 'தினசரி', 'தினமணி'யைப் போல் நிலைக்கவில்லை. புதுமைப்பித்தன் 'தினசரி'யிலிருந்தும் விலகித் திரைப்பட எழுத்துக்குச் சென்றார். காசநோய்க்கு ஆளாகி 1948 ஜூன் 30 அன்று, 42 வயதில், மறைந்தார். வேலையை உதறியவரை நாம் எளிதில் பாராட்டிவிடுகிறோம். மாதச் சம்பளம் நின்ற வீட்டின் நிலையையும் சேர்த்து நினைத்தால்தான் அந்தப் பாராட்டு முழுமையாகும்.

சிவராமன் தங்கியது

ஏ. என். சிவராமனின் பூர்வீகம் ஆழ்வார்குறிச்சியை அடுத்த ஆம்பூர். 'தினமணி'யில் சொக்கலிங்கத்தின் கீழ் பணியாற்றிய அவர் விலகவில்லை. அடுத்த ஆசிரியராகப் பொறுப்பேற்று 1987 வரை நீடித்தார். பொருளாதாரம், அறிவியல், அரசியல் சட்டம் போன்றவற்றைச் சாதாரண வாசகருக்கும் விளங்கும் தமிழில் எழுதினார். அன்று எல்லாரும் வெளியேறியிருந்தால் இந்தத் தொண்டு தமிழருக்குக் கிடைத்திருக்காது. எனவே விலகியவர் நேர்மையாளர், தங்கியவர் சமரசவாதி என்று மதிப்பெண் போடுவது சரியன்று.

சட்டம் சொன்ன விடை

1943-இல் மனச்சாட்சியின் பொருட்டு விலகும் இதழாளருக்குச் சட்டப் பாதுகாப்பு ஏதுமில்லை. நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையிலான முதல் பத்திரிகை ஆணையத்தின் (1952–54) அறிக்கையைத் தொடர்ந்து, 1955-இல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தது. மூன்றாண்டுகள் பணியாற்றியவர் எக்காரணத்துக்காக விலகினாலும் பணிக்கொடை உண்டு என்றது அச்சட்டம். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்ற நிறுவனங்களுள் 'தினமணி'யை வெளியிட்ட எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸும் ஒன்று. 1958-இல் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

பின்னர் 1962-இல் சட்டம் திருத்தப்பட்டது. பிற காரணங்களுக்காகத் தாமே விலகுபவர் பணிக்கொடை பெறப் பத்தாண்டுப் பணி தேவை என்றது அத்திருத்தம். மனச்சாட்சியின் காரணமாக விலகுபவருக்கு மூன்றாண்டே போதும் என்று அது வேறுபடுத்தியது. மனச்சாட்சிக்கும் ஒரு விலை உண்டு, அதை எழுத்தாளர் மட்டுமே சுமக்கக்கூடாது என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டதாகவே இதைக் கொள்ள வேண்டும்.

இன்றைய நிலை

விளம்பர வாசகம், தேர்தல் பிரசாரம், பிறர் பெயரில் நூல் என்று இன்று கூலிக்கு எழுதுவோர் பெருகிவிட்டனர். அவர்களில் பெரும்பாலோருக்குப் பணிக்கொடையும் இல்லை, பணி நியமன ஆணையும் இல்லை. அவர்களிடம் நேர்மையை எதிர்பார்க்கும் சமூகம், வேண்டாத வேலையை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்காவது அவர்களுக்குப் பாதுகாப்புத் தர வேண்டும். எழுதுகிறவரும் ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளலாம். தமக்கு விருப்பமில்லாத செய்தியை எழுதுவது வேலையின் ஒரு பகுதி. பொய் என்று தெரிந்ததை வாசகரிடம் உண்மையாகத் தருவது எந்தச் சம்பளத்திலும் அடங்காது.