எழுபதைத் தாண்டினால்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. ஊர்ச்சபைத் தேர்வுக்கான குடவோலையில் பெயர் எழுத வயது 35-க்கு மேல், 70-க்குள்; சொந்த மனையில் வீடும் வேண்டும். எழுபதைத் தாண்டியவரை யார் பார்த்துக்கொண்டார்கள்? கல்வெட்டு அதைப் பேசவில்லை. மகன் வீட்டுத் திண்ணைதான் என்பது என் ஊகம்.

அரசு அந்தத் திண்ணைக்கு 1962-இல் வந்தது: மாதம் 20 ரூபாய் முதியோர் பென்ஷன். பின்னாளில் எங்கள் ஆயாவுக்கும் மணியார்டர் வந்தது. கைநாட்டு வைத்த விரலை முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் நோட்டை எண்ணுவாள். தபால்காரருக்கு மோர் கட்டாயம். 2023-இல் தொகை 1,200 ஆனது.

2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, சோறு போடாத பிள்ளைமேல் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் பெற்ற மனசு லேசில் துணியாது. அதனால் வீட்டை எழுதிக்கொடுக்கும்போதே, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேருங்கள். தவறினால் பத்திரத்தை ரத்துசெய்ய அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு இருக்கிறது.