கப்பற் சாப்பாடு: யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கடற்பயணங்களில் உணவின் தரமும் அளவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுத் துறைகளிலிருந்து புறப்பட்ட கலங்களிலும் அங்கு வந்து சேர்ந்த கலங்களிலும் மாலுமிகளும் பயணிகளும் உண்ட உணவு, அது ஆளுக்கு எவ்வளவு என்று வரையறுத்த வழக்கங்கள், சட்டங்கள், கட்டுப்பாடுகள் ஆகியவை இக்கட்டுரையின் பொருள். வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை ஆகிய துறைகளே இந்த வரலாற்றின் முக்கிய இடங்கள். பாய்க்கப்பலில் அளவைத் தீர்மானித்தது குடிநீர். நீராவிக் கப்பலில் அதைச் சட்டமும் பயணச்சீட்டின் வகுப்பும் தீர்மானித்தன; போர்க்காலத்தில் இராணுவ அனுமதி; இன்றைய உல்லாசக் கப்பலில் நிறுவனத்தின் செலவுக் கணக்கு. குடாநாட்டு மக்கள் இவற்றில் எதையும் முழுதாக நம்பியதில்லை. கையில் ஒரு சாப்பாட்டுப் பொதி இல்லாமல் அவர்கள் கப்பலேறியது அரிது.

அட்சய பாத்திரமும் ஆளில்லாத் தீவும்

கடற்பயணத்தையும் உணவின் அளவையும் இணைக்கும் மிகப் பழைய தமிழ்க் கதை இந்தக் கடலோடு தொடர்புபடுத்தப்படுகிறது. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியோடு சாவக நாட்டுக்குக் கப்பலேறுகிறான். வழியில் கப்பல் மணிபல்லவத்தில் தங்க, அவன் கரையில் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டதாக எண்ணிக் கப்பல் போய்விடுகிறது. ஊட்டுவதற்கு ஒரு மனிதரும் இல்லாத தீவில், குறையாத பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு அவன் உண்ணாதிருந்து உயிர்விடுகிறான். மணிபல்லவம் நயினாதீவே என்று கருதுவோர் உண்டு. அத்தீவின் நாகபூசணி அம்மன் கோவிலுக்கு வருவோர்க்குச் சோறிடும் அன்னதான மண்டபம் அமுதசுரபி என்றே பெயர் பெற்றிருக்கிறது. தீவுக்குப் படகில் வருகிறவர் எத்தனை பேராயினும் பந்தியில் இருத்திச் சோறு போடுவது அங்குள்ள முறை. கடல் கடந்து வருகிறவருக்கு அளவு பார்க்காமல் சோறு போட வேண்டும் என்ற எண்ணத்துக்கு இந்தப் பகுதியில் இவ்வளவு நீண்ட வேர் இருப்பதால்தான், பிற்காலத்தில் கப்பலிலும் கரையிலும் எண்ணிக் கொடுக்கப்பட்ட பங்குகள் மக்கள் மனத்தை அத்தனை உறுத்தின என்று சொல்லலாம்.

அதே நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும் என்றும், உடைந்த கப்பல்களின் சரக்கில் அரசுக்கு எவ்வளவு பங்கு என்றும் அது விதிக்கிறது. தொலைதூரக் கப்பல்கள் வந்து தரித்து நின்ற துறைகள் இவை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பாய்க்கப்பற் காலம்

19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலும் வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்கள் நாகபட்டினம், காரைக்கால் முதல் பர்மாத் துறைகள் வரை ஓடின. பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும் வந்தன. குடாநாட்டுப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. இக்கலங்களில் சாப்பாட்டுக்கூடம் என்று தனியிடம் கிடையாது. மேல்தளத்தில் மண் பரப்பிய அடுப்பு, பண்டாரி எனப்பட்ட சமையற்காரர், ஒரு பெரிய பானை, அவ்வளவுதான். தண்டையல் எனப்பட்ட கப்பல் தலைவரும் மாலுமிகளும் ஒரே உலையில் வெந்த சோற்றையே உண்டார்கள்.

இங்கு அரிசியை முந்திக்கொண்டு அளவிடப்பட்டது குடிநீர். சோறாக்க அரிசியைப் போல் இருமடங்குக்கு மேல் நீர் வேண்டும். காற்று விழுந்து கப்பல் நின்றுவிட்டால், அரிசி மூட்டை நிறைய இருந்தும் உலை வைக்க முடியாமல் போகலாம். இந்த இக்கட்டுக்குக் குடாநாட்டின் பனை தந்த விடை மிகச் சிறந்தது என்பேன். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலுக்கு நெருப்பும் தேவையில்லை, நீரும் தேவையில்லை, மாதக்கணக்கில் கெடாது, ஒரு துண்டை முறித்து மென்றால் பசி அடங்கும். பனம்பழக் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்த பனாட்டும் பனங்கட்டியும் இனிப்புக்கு. பயறும் அரிசியும் வறுத்து இடித்துப் பாகில் உருட்டிய பொரிவிளாங்காய் கல்லைப் போல இறுகியிருக்கும், நாட்பட்டாலும் பூஞ்சணம் பிடிக்காது. கருவாடு, மோர்மிளகாய், உப்பில் ஊறிய எலுமிச்சங்காய் ஆகியவை கறிக்கு. புழுங்கல் அரிசியையே ஏற்றினார்கள். அவித்துக் காயவைத்த நெல்லின் அரிசி பச்சையரிசியைவிட உறுதியானது, பூச்சி அரிப்பைக் கூடுதலாகத் தாங்கும்.

எலுமிச்சையின் பெறுமதியை ஐரோப்பியக் கடற்படைகள் பெரும் விலை கொடுத்தே கற்றன. பிரித்தானியக் கடற்படை சொறிகரப்பான் நோய்க்கு மருந்தாக எலுமிச்சைச் சாற்றை 1795இல்தான் எல்லாருக்குமான பங்காக்கியது. உப்பில் இட்ட இறைச்சியையும் வறண்ட பிசுக்கோத்தையும் நாளுக்கு இவ்வளவு என்று நிறுத்துக் கொடுத்த அந்தப் பெருங்கப்பல்களோடு ஒப்பிட்டால், வல்வெட்டித்துறைக் கலத்தின் பானை எளியது. உணவின் தரத்தில் தாழ்ந்ததாகத் தோன்றவில்லை.

இக்கலங்களின் ஆற்றலுக்குப் பெரிய சோதனை 1937இல் வந்தது. வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்ற 89 அடி நீளப் பாய்க்கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் வாங்கி, ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றினார். கனகரத்தினம் தம்பிப்பிள்ளை தண்டையலாக இருக்க, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அது சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்மியூடா வழியாக 1938 ஆகஸ்டு 1இல் மசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறையை அடைந்தது. வங்காள விரிகுடாவைக் கடக்கும் கணக்கில் நீரும் அரிசியும் ஏற்றிப் பழகியவர்கள், அத்திலாந்திக்கின் வாரக்கணக்கான வெறுங்கடலுக்கு அந்தக் கணக்கை நீட்ட வேண்டியிருந்தது. அந்தக் கப்பலின் பாய்களையும் மரவேலையையும் பலர் பாராட்டியுள்ளனர். அதன் பண்டாரியின் வேலையும் அவற்றுக்கு இணையான பாராட்டுக்கு உரியது.

மலாயாக் கப்பல்களும் வகுப்பு வேறுபாடும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து குடாநாட்டு இளைஞர் எழுதுவினைஞர்களாகவும் புகையிரதப் பணியாளர்களாகவும் மலாயாவுக்குப் போனார்கள். அவர்கள் கண்ட நீராவிக் கப்பல்களில் உணவு முதன்முறையாகப் பயணச்சீட்டின் வகுப்போடு கட்டப்பட்டிருந்தது. அறைப் பயணிக்கு மேசை, வெள்ளை விரிப்பு, பரிமாறுபவர். தளப்பயணிக்குப் பாய் விரிக்கும் இடம். 1887ஆம் ஆண்டின் இந்தியச் சுதேசப் பயணிகள் கப்பற் சட்டம் தளப்பயணிகளுக்கான இடத்தையும் நீரையும் உணவையும் எரிபொருளையும் ஒழுங்குபடுத்தியது. சட்டம் வகுத்தது குறைந்தபட்ச அளவை. நடைமுறையில் பல கப்பல்களில் அதுவே உச்ச அளவாகவும் இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

சென்னைக்கும் நாகபட்டினத்துக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ரஜூலா இவற்றுள் பெயர்பெற்றது. 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் தொடக்கத்தில் 5,000க்கு மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. 1973 வரை பயணிகளைச் சுமந்தது. அத்தனை பேருக்கு ஆக்கும் சோற்றில் ருசி பார்க்க இடமேது? அத்துடன், யார் கையால் சமைத்தது என்பது சைவ ஆசாரம் பேணிய குடும்பங்களுக்குப் பெரிய கேள்வி. கட்டுச்சோறும் பலகாரப் பெட்டியும் அந்தக் கேள்வியைத் தவிர்க்கும் வழிகளாயின.

பர்மா அரிசி நின்றபோது

1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைப் பிடித்ததும், கடல்வழி வந்த அரிசி நின்றது. இலங்கை முழுவதும் பங்கீட்டு முறைக்குள் வந்தது. கப்பலுக்குள் மட்டும் இருந்த எண்ணிக் கொடுக்கும் வழக்கம் இப்போது கரையிலும் வீட்டு வாசலுக்கு வந்தது. கூப்பனும் சங்கக்கடை வரிசையும் குடாநாட்டு வாழ்வின் பகுதியாயின. பங்கீட்டு அரிசியின் விலை 1953 ஜூலையில் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட, ஆகஸ்டு 12இல் ஹர்த்தால் வெடித்தது. அன்று அமைச்சரவை கூடியது கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாந்து என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில். சோற்றின் விலைக்காகக் கொதித்த மக்களிடமிருந்து விலகி ஒரு கப்பலில் அடைக்கலம் தேடிய அரசின் பிரதமர் டட்லி சேனநாயக்கா அக்டோபரில் பதவி விலகினார்.

அகதிக் கப்பல்களும் அனுமதிச் சீட்டும்

1958 இனக்கலவரத்தின்போது கொழும்பிலிருந்து தமிழர்கள் கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். 1983 ஜூலை வன்முறைக்குப் பின் மறுபடியும் அதுவே நடந்தது. அப்போது பயன்பட்ட லங்கா கல்யாணி ஒரு சரக்குக் கப்பல். சரக்குக் கப்பலின் சமையலறை சில பத்து மாலுமிகளுக்கு மட்டும் அமைந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்களைத் தளத்தில் இருத்தியபின் தரம், அளவு என்ற பேச்சுக்கே அங்கு பொருளில்லை. கரையிறங்கியவர்களுக்குக் குடாநாட்டு ஊர்கள் சமைத்துக் கொடுத்த சோறு அந்தத் தலைமுறையின் நினைவில் இன்னும் நிற்கிறது. இலங்கைக் கப்பல் உணவு வரலாற்றில் இந்த அகதிப் பயணங்களைவிடக் கசப்பான பக்கம் இல்லை.

1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. தரைவழி அடைபட்ட காலங்களில் உணவு கப்பலில் வந்தது. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்போடு பருத்தித்துறைக்கு வந்த நிவாரணக் கப்பல்களை மக்கள் கரையில் நின்று எண்ணினார்கள். 1990களின் பிற்பகுதியிலும், 2006 ஆகஸ்டு 11இல் முகமாலையில் தரைவழியான ஏ9 வீதி மூடப்பட்ட பின்னரும், திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான கப்பலே பொதுமக்களின் முக்கிய வழி. பிந்திய காலத்தில் ஓடிய கிறீன் ஓஷன் என்ற கப்பலில் இடம் பெற இராணுவ அனுமதி வேண்டியிருந்தது. அது கிடைக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது. காத்திருப்பு எத்தனை நாள் என்று தெரியாதவர் எத்தனை வேளைக்குச் சோறு கட்டுவார்? பாணும் பிசுக்கோத்தும் தண்ணீர்ப் போத்தலுமே பயணத்தின் சாப்பாடாயின. கப்பலுக்கு வெளியே, சங்கக்கடையில் குடும்ப அட்டைக்கு அளந்து கொடுத்த அரிசியும் மாவும் பருப்பும் அதே கடல்வழியின் மறுமுனை.

மாலுமிகளின் உரிமை

குடாநாட்டின் வடகரை ஊர்களிலிருந்து இன்றும் பலர் வெளிநாட்டுக் கப்பல்களில் பணிபுரிகிறார்கள். அவர்களின் தட்டைப் பன்னாட்டுச் சட்டம் காக்கிறது. 1946இல் சர்வதேசத் தொழில் அமைப்பு கப்பல் மாலுமிகளின் உணவு குறித்தும் கப்பற் சமையற்காரரின் தகுதிச் சான்று குறித்தும் தனித்தனி உடன்படிக்கைகளைச் செய்தது. அவற்றை உள்ளடக்கிய 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. உணவும் குடிநீரும் போதிய அளவிலும் சத்திலும் தரத்திலும் இலவசமாக வழங்கப்பட வேண்டும், மாலுமிகளின் சமய, பண்பாட்டு வழக்கங்கள் கருதப்பட வேண்டும் என்பவை அதன் கட்டளைகள். பயணிகளின் உணவு குறித்து இவ்வளவு தெளிவான பன்னாட்டு விதி கிடையாது. அவர்கள் வாங்கிய சீட்டின் நிபந்தனைகளே அவர்களின் சட்டம்.

உல்லாசக் கப்பலும் பயணிகள் படகும்

2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ், அம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாகக் காங்கேசன்துறைக்கு வந்தது. அத்துறைக்கு வந்த முதல் உல்லாசக் கப்பலாக அது வரவேற்கப்பட்டது. 1990இல் பிரான்சில் கட்டப்பட்டு அமெரிக்கக் கடல்களில் ஓடிய பழைய கப்பல் அது. இந்தியப் பயணிகளுக்காகச் சைவ உணவும் சமண உணவும் சேர்க்கப்பட்ட புதிய சமையல்.

இவ்வகைக் கப்பல்களில் சாப்பாட்டுக்கான விலை பயணச்சீட்டிலேயே அடங்கும். எனவே உண்பது கூடக்கூட நிறுவனத்தின் இலாபம் குறையும். தட்டுகளைச் சிறிதாக்குவது, விலையுயர்ந்த கடலுணவை ஆளுக்கு ஒன்று என்று நிறுத்துவது, தனிக் கட்டண உணவகங்களைப் பெருக்குவது எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை. அமெரிக்காவின் கார்னிவல் நிறுவனம் முதன்மைச் சாப்பாட்டுக்கூடத்தில் ஒருவர் கேட்கும் மூன்றாவது முக்கிய உணவுக்குக் கட்டணம் விதிக்கத் தொடங்கியதைப் பயணிகள் பலர் விரும்பவில்லை. வீணாகும் உணவைக் குறைப்பது நல்ல நோக்கம்தான். கட்டணம் எல்லாவற்றையும் அடக்கியது என்று விளம்பரம் செய்துவிட்டுப் பந்தியில் எண்ணுவது நேர்மையாகாது. தரத்தில் நிலைமை மேலானது. அமெரிக்கத் துறைகளுக்குச் செல்லும் கப்பல்களின் சமையலறைகள் 1970கள் முதல் அந்நாட்டுச் சுகாதாரத் துறையால் 100 புள்ளிகளுக்குச் சோதிக்கப்படுகின்றன. 85 அல்லது அதற்குக் குறைவாகப் பெற்றால் தோல்வி. நம் கடலில் ஓடும் கப்பல்களுக்கும் அவ்வாறு புள்ளிகளைப் பகிரங்கமாக வெளியிடும் முறை வேண்டும்.

2023 அக்டோபர் 14இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே செரியபாணி என்ற விரைவுப் பயணிகள் கலம் ஓடத் தொடங்கியது. பருவமழை காரணமாகச் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்டு 16இல் சிவகங்கை அச்சேவையைத் தொடர்ந்தது. பயணம் சுமார் நான்கு மணித்தியாலம். இவ்வளவு குறுகிய வழியில் சாப்பாட்டுக்கூடம் தேவைப்படுவதில்லை. பயணிகளின் கவலை எல்லாம் கொண்டுபோகும் பொதியின் எடை பற்றியது.

உல்லாசக் கப்பல் வருவதால் குடாநாட்டுச் சமையலுக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. மதியச் சாப்பாடு கப்பலில் ஏற்கெனவே பணம் கட்டிய ஒன்று என்பதால், நல்லூரையும் கோட்டையையும் பார்க்க இறங்குபவர் ஊர்க் கடைகளில் உண்ணாமலே திரும்ப முடிகிறது. இதற்கு மாற்று, கப்பலின் களஞ்சியத்துக்கு இங்கிருந்தே பொருள் கொடுப்பது. உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்ட மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம் காங்கேசன்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மரக்கறியும் ஆண்டு முழுவதும் விளைகின்றன. கப்பல் நிறுவனங்கள் கேட்பது குளிர்சாதனக் களஞ்சியமும் சுகாதாரச் சான்றும் குறித்த நேரத்தில் குறித்த அளவு கொடுக்கும் உறுதியும். காங்கேசன்துறைத் துறைமுக விரிவாக்கத்துக்கு இந்தியா 6.15 கோடி அமெரிக்க டொலர் உதவ 2024இல் ஒப்புக்கொண்டுள்ளது. அந்தத் திட்டத்தில் மீனவர் சங்கங்களும் விவசாயிகளும் பயன்படுத்தக்கூடிய ஒரு குளிர்க் களஞ்சியம் இடம்பெற வேண்டும்.