வலையோடு பறந்த பறவைகள்

பெரும்பாக்கத்துச் சதுப்பு நிலத்தின் கரையில் மாலை வேளையில் நிற்போர், பறவைக் கூட்டமொன்று ஒரே வீச்சில் எழுந்து ஒரே திசையில் திரும்புவதைக் காண்பர். இத்தகைய காட்சிதான் முன்னோர் உள்ளத்தில் ஒரு கதையாயிற்று போலும். அக்கதையே பின்னாளில் கார்ட்டூன் படமாயிற்று. நேயர்களே, அது வளர்ந்த வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

அதன் பழைய வடிவங்களுள் ஒன்று பௌத்த ஜாதகக் கதையில் உள்ளது. அங்கே வருபவை காடைகள். அவற்றின் தலைவர் போதிசத்துவர். வேடன் வலை வீசியதும், ஒவ்வொரு காடையும் ஒரு கண்ணியில் தலையை நுழைத்து, யாவும் ஒருங்கே வலையைத் தூக்கிச் சென்று முட்புதரின்மேல் போட்டுத் தப்பின. வேடன் கலங்கவில்லை, அவை பூசலிடும் நாளுக்குக் காத்திருந்தான். ஒரு நாள் ஒரு காடை தவறுதலாக மற்றொன்றின் தலையை மிதித்தது. வலையைத் தூக்குவது நீயா, நானா என்ற வழக்கு முற்றிற்று. போதிசத்துவர் தம் சுற்றத்துடன் நீங்கினார். எஞ்சியவை வேடனின் கைப்பட்டன.

பஞ்சதந்திரத்தில் காடை புறாவாக மாறிற்று. புறாவரசன் சித்திரக்கிரீவன் தன் கூட்டத்தை வலையோடு தன் நண்பனான இரணியகன் என்னும் எலியிடம் அழைத்துச் செல்கிறான். எலி அரசனின் கட்டை முதலில் அறுக்க முற்பட, "என்னை நம்பி வந்தோரை முன்னே விடுவிப்பாய்" என்று அவன் தடுக்கிறான். எட்டாம் நூற்றாண்டில் இக்கதை அரபு மொழியிலும் புகுந்தது. நம் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் தமிழ்ப் புலவர் தாண்டவராய முதலியார், மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தை 1826-இல் தமிழ் உரைநடையாக்கினார்.

பின்னர் அப்பறவைகள் திரைக்கு வந்தன. டிஸ்னி நிறுவனத்தில் பணிபுரிந்த கிளேர் வீக்ஸ், 1950-களில் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் கலையைப் பயிற்றுவித்தார். அந்நிறுவனம் 1974-இல் 'ஏக் அனேக் அவுர் ஏக்தா' என்ற சிறு படத்தை வெளியிட்டது. விஜயா முலே இயக்க, பீம்சேன் சித்திரங்களுக்கு அசைவு தந்தார். 'பல என்றால் என்ன?' என்று குழந்தைகள் வினவ, அக்காள் சொல்லும் விடையாகப் பறவைகளும் வலையும் எலிகளும் வருகின்றன. தூர்தர்ஷன் வாயிலாக நாடெங்கும் குழந்தைகள் அதனைக் கண்டு களித்தனர்.

மாற்றத்தைக் கருதிப் பாருங்கள். ஜாதகத்தில் பூசலின் கேடு. பஞ்சதந்திரத்தில் அரசனின் கடமை. கார்ட்டூனிலோ முடியுமில்லை, பட்டமுமில்லை. சிறு பறவைகள் தாமே கூடி எழுகின்றன. குடியரசான நாடு பழங்கதைக்குத் தந்த புது உருவம் இது.

2015-ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின், ஆற்றங்கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியேற்றப்பட்டன. பழகிய தெருவையும் தொழிலையும் பிரிந்து, முன்பின் அறியாதார் அண்டை வீட்டாராயினர். அவர்களுக்கு இக்கதை வெறும் பொழுதுபோக்கன்று. தண்ணீருக்கும் பேருந்துக்கும் பள்ளிக்கும் ஒருங்கே குரல் எழுப்பினால் வலை எழும். யார் தலையை யார் மிதித்தார் என்று வழக்காடினால், வேடன் காத்திருக்கிறான்.