கேமரா கைப்பட்டை

கேமராவைப் பற்றியிருக்கும் கையின் புறங்கைமேல் படிந்து, கையையும் கேமராவையும் ஒன்றாக அணைத்துப் பிடிக்கும் குறும்பட்டை கைப்பட்டை எனப்படும். கடைகளிலும் புகைப்படக்காரர்களிடையேயும் ‘ஹேண்ட் ஸ்ட்ராப்’ என்பதே வழக்கு. மணிக்கட்டில் வளையமாக மாட்டும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பையும் இந்தப் பெயரில் விற்பதுண்டு. இரண்டின் வேலையும் வேறு. கை நழுவும்போது கேமரா தரையில் விழாமல் தடுப்பது ரிஸ்ட் ஸ்ட்ராப். அதுவரை அதற்கு வேலையில்லை. கைப்பட்டையோ கேமரா கையில் இருக்கும் நேரமெல்லாம் வேலை செய்கிறது. விரல்கள் இறுகப் பற்றியே இருக்கவேண்டிய கட்டாயத்தை அது தளர்த்துகிறது.

பழைய 35 மி.மீ. கேமராக்கள் பெரும்பாலும் தட்டையான உடலும் கழுத்துப் பட்டையுமாகவே இருந்தன. கையை நுழைத்துப் பிடிக்கும் பட்டை வேறு வகைக் கேமராக்களில் இருந்தது. அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் அடையாளமாக இருந்த ஸ்பீட் கிராஃபிக் 1912இல் அறிமுகமானது. அதன் பிற்கால மாடல்களில் பெட்டியின் பக்கவாட்டில் தோல்பட்டை உண்டு. வீட்டு வீடியோ கேமராக்களில் வலக்கை நுழையும் மெத்தைப் பட்டை உடலோடு சேர்ந்தே வந்தது. கட்டைவிரல் பதிவுப் பொத்தானிலும் மற்ற விரல்கள் ஜூமிலும் இருக்க, எடையைப் பட்டை பார்த்துக்கொண்டது. ஸ்டில் கேமராவில் திருப்பம் 1986இல் வந்த கேனான் டி90. ஜெர்மானிய வடிவமைப்பாளர் லூயிஜி கொலானியின் பங்களிப்போடு உருவான அந்த உடலில் வலக்கைக்கு நன்கு புடைத்த பிடி இருந்தது. இன்றைய பெரிய கேமராக்கள் பலவற்றில் அந்த வளைவுகளின் சாயலைக் காணலாம். உள்ளங்கை நிறையப் பிடி இருந்தால்தான் புறங்கையில் பட்டை போடுவதில் பயன். தட்டையான உடலில் அதை எவ்வளவு இறுக்கினாலும் கேமரா ஆடும்.

அமைப்பு

பட்டையின் மேல்முனை, கேமராவின் வலப்பக்கத் தோளில் உள்ள கண்ணியில் மாட்டப்படும். கீழ்முனை பெரும்பாலும் ஓர் அடித்தகட்டில் சேரும். அந்தத் தகடு ட்ரைபாட் துளையில் முடுக்கப்படும். இன்றைய கேமராக்களில் பரவலாக உள்ள இந்தத் துளை கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 20 புரிகளும் கொண்டது என்பதால், ஒரு நிறுவனத்தின் தகடு இன்னொன்றின் கேமராவிலும் பொருந்தும். பாட்டரி கிரிப் பூட்டிய கேமராக்களில் பட்டைக்கென்றே கீழேயும் ஒரு கண்ணி இருப்பதுண்டு. கேனானின் இ2 கைப்பட்டை இத்தகைய கீழ்க்கண்ணியை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. கிரிப் இல்லாத உடலில் போட வேண்டுமானால் தனியாகத் தகடு வாங்க வேண்டும்.

சொகுசு எங்கிருந்து வருகிறது

மெத்தை தடிமனாக இருந்தால் சொகுசு என்று நினைப்பது பரவலான தவறு. பட்டை கையில் எந்த இடத்தில் விழுகிறது என்பதே முதல் கேள்வி. விரல் முட்டிகளுக்குச் சற்றுப் பின்னால், புறங்கையின் அகன்ற பகுதியில் அது குறுக்காகப் படிய வேண்டும். அங்கே எலும்புகள் வரிசையாக நின்று அழுத்தத்தைப் பகிர்ந்துகொள்ளும். பட்டை மணிக்கட்டை நோக்கி இறங்கினால் இரண்டு தொல்லை. கை மேலும் கீழும் மடங்க முடியாது. அதோடு, கட்டைவிரல் பக்கமாகத் தோலுக்கடியில் ஓடும் உணர்வு நரம்பு அழுந்தும். இறுக்கமான கைக்கடிகாரம் கட்டியவர்களுக்குக் கட்டைவிரலின் முதுகுப்புறம் மரத்துப்போவது இதே நரம்பால்தான்.

அளவைச் சோதிக்க எளிய வழி உண்டு. பட்டையை மாட்டிக் கையைத் தொங்கவிட்டு விரல்களை மெல்ல விரிக்க வேண்டும். கேமரா உள்ளங்கையை விட்டு விலகி முழுக்கத் தொங்கினால் பட்டை தளர்வு. சற்றே இறங்கி நின்றுவிட்டால் சரி. அடுத்து, கையை நகர்த்தாமலே ஆள்காட்டி விரல் ஷட்டர் பொத்தானையும் முன்சக்கரத்தையும் தொட வேண்டும். கட்டைவிரல் பின்பக்கத்து ஃபோகஸ் பொத்தானை எட்ட வேண்டும். பின்பொத்தானால் ஃபோகஸ் செய்யும் பழக்கமுள்ளவர்கள் கைப்பட்டை வாங்கிய வாரத்திலேயே கழற்றிப் போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த எட்டாமைதான். இரண்டு சோதனைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால், பட்டையைத் தளர்வாக வைப்பதே மேல். எட்டாத பொத்தானால் படமே போய்விடும்.

அகலம் கூடினால் அழுத்தம் பரவும். ஓரளவுக்கு மேல் போனால் கட்டைவிரலின் அசைவைத் தடுக்கும். தடித்த நுரை மெத்தைக்கும் இந்தக் குறை உண்டு. அது கைக்கும் கேமராவுக்கும் நடுவே இடைவெளியை உண்டாக்கி, பட்டையை மேலும் மேலும் இறுக்க வைக்கிறது. பலர் பகிரும் ஸ்டுடியோ கேமராவில், கைக்குக் கை மாறும்போது சட்டென்று நீட்டிச் சுருக்கக்கூடிய கொக்கி வேண்டும். வெல்க்ரோ இதற்கு வசதி. சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1955இல் காப்புரிமை பெற்ற இந்த ஒட்டுப்பட்டை நூலும் தூசியும் சேர்ந்தால் பிடிப்பை இழக்கும், பிரிக்கும்போது சத்தமும் போடும்.

எடை

கைப்பட்டை எடையைக் குறைப்பதில்லை, விரல்களிடமிருந்து வாங்கிப் புறங்கைக்குக் கொடுக்கிறது. பாட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து 658 கிராம் உள்ள சோனி ஏ7 IV உடலைச் சிறிய லென்சோடு ஒரு கையில் வைத்திருப்பது எளிது. அதிலேயே ஒரு கிலோவைத் தாண்டும் 70-200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸைப் பூட்டினால் கதை வேறு. எடையின் மையம் முன்னால் தள்ளிப்போய் மணிக்கட்டைக் கீழே முறுக்கும். எந்தப் பட்டையாலும் அந்த முறுக்கைத் தடுக்க முடியாது; இடக்கை லென்சுக்கு அடியில் போக வேண்டும், அல்லது எடை தோளுக்குப் போக வேண்டும். மறுகோடியில், 257 கிராமே உள்ள ரிக்கோ ஜிஆர் III போன்ற கைக்கடக்கக் கேமராவுக்குக் கைப்பட்டை வீண். ரிஸ்ட் ஸ்ட்ராப் போதும்.

பொருளும் பொருத்தமும்

தோல் நாளாக ஆகக் கையின் வடிவத்துக்குப் பழகும். ஆனால் சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களின் ஈரத்தில் அதில் பூஞ்சை பிடிக்கும். வியர்வை உப்பு அதை விறைக்க வைக்கும். நியோபிரீன் சற்றே நீண்டு கொடுப்பதால் அதிர்ச்சியைத் தாங்கும், அதே காரணத்தால் கேமரா மெல்ல ஆடவும் செய்யும். காற்றுப் புகாததால் உள்ளே வேர்க்கும். நைலான் நாடாவோடு மெல்லிய உட்துணி சேர்ந்த பட்டை பார்வைக்கு எளிமையானதுதான். முகூர்த்த நேர நெரிசலில் மணிக்கணக்கில் வியர்த்துக்கொண்டு நிற்பவருக்கு அதுவே நல்லது, ஏனென்றால் துவைத்துக் காயவைக்கலாம்.

அடித்தகட்டைப் பலர் கவனிப்பதில்லை. அது பாட்டரிக் கதவை மறைத்தால், ஒவ்வொரு முறை பாட்டரி மாற்றும்போதும் திருகைக் கழற்ற வேண்டும். ட்ரைபாட் துளையை அடைத்துக்கொள்ளும் தகட்டில் மாற்றாக இன்னொரு துளையோ, ட்ரைபாட் தலை நேராகக் கவ்வும் ஆர்கா-ஸ்விஸ் வகை ஓரமோ இருப்பது அவசியம். திருகு நாளடைவில் தானே தளரும். வேலைக்குக் கிளம்புமுன் ஒரு முறை முடுக்கிப் பார்ப்பது நல்ல வழக்கம். மேல்கண்ணியில் உள்ள முக்கோண வளையம் கேமரா உடலை உரசாமலிருக்கச் சிறு பிளாஸ்டிக் காப்பு வேண்டும். வீடியோ எடுப்பவர்களுக்கு வளையத்தின் கிணுகிணுப்பு மைக்கில் விழும் என்பது இன்னொரு காரணம்.

இடக்கைக்காரர்களுக்கு இதில் தேர்வே இல்லை. ஷட்டர் வலப்பக்கம் இருப்பதால் பட்டையும் வலக்கைக்கே. 1936இல் வந்த ஜெர்மனியின் கினே எக்ஸாக்டாவில் ஷட்டர் பொத்தான் இடக்கைக்கு அமைந்திருந்தது, அந்த வழி தொடரவில்லை.

விலையையும் படத்தையும் பார்த்து இணையத்தில் வாங்குவதைவிட, சொந்தக் கேமராவை அதன் மிகக் கனமான லென்சோடு கடைக்கு எடுத்துச் சென்று, பட்டையை மாட்டியபடியே பத்து நிமிடம் நின்று, பாட்டரிக் கதவையும் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.