மண்ணின் கணக்கு

நியூயார்க்கில் வூஸ்டர் தெருவில் ஒரு மாடி அறை. உள்ளே மண். 3,600 சதுர அடிப் பரப்பில், 22 அங்குல உயரத்துக்கு, 2,80,000 பவுண்டு எடையுள்ள கறுத்த ஈர மண். உள்ளே கால் வைக்க முடியாது. கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்று பார்க்கலாம். வால்டர் டி மரியா 1977-ல் செய்த இந்த ‘மண் அறை’ 1980 முதல் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கிறது. மண்ணுக்குத் தண்ணீர் விடுகிறார்கள். கிளறிச் சமன் செய்கிறார்கள். தலைநீட்டும் காளானை எடுத்துவிடுகிறார்கள். ஆக, மண் கலையாக நீடிக்க வேண்டுமானால், மண் செய்யும் காரியத்தை அது செய்யக் கூடாது.

1960-களின் இறுதியில் அமெரிக்காவில் உருவான நிலக்கலையின் சரித்திரத்தை இந்த முரணிலிருந்து தொடங்குவதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. வழக்கமாக அதை, சிற்பம் பீடத்தையும் கண்காட்சிக் கூடத்தையும் உதறி வெளியேறிய கதையாகச் சொல்கிறார்கள். அது கலைஞர்களின் பக்கத்துக் கதை. மண்ணின் பக்கத்திலிருந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கலைஞன் எதை விட்டுக்கொடுத்தான்?

ஆலன் சான்ஃபிஸ்ட் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். ஐரோப்பியர் வருவதற்கு முன் மன்ஹாட்டனில் இருந்த காட்டை நகரத்தின் நடுவே ஒரு துண்டு நிலத்தில் மீட்பது என்பது 1965-ல் அவருக்கு வந்த யோசனை. 1978-ல் செடிகள் நடப்பட்டன. அங்கே எதுவும் வளரலாம், அந்தப் பழைய காட்டைச் சேர்ந்ததாக இருந்தால். காற்றும் பறவையும் கொண்டுவந்து போடும் வேற்று விதைகள் களையாகிவிடுகின்றன. குறிப்பிட்ட ஒரு காலத்தில் நிறுத்தப்பட்ட காடு, கூரையில்லாத மியூசியம்தான்.

இந்த மீட்பு வேலையின் மீதே முதலில் சந்தேகம் கொண்டவர்களில் ஒருவர் ராபர்ட் மாரிஸ். 1979-ல் வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டி, பாழான நிலங்களைச் சிற்பமாகச் சீர்படுத்தும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கைவிடப்பட்ட சரளைக்கல் குழி ஒன்றை மாரிஸ் படிப்படியாக வெட்டிப் புல் விதைத்தார். மேட்டில் வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டைகளை மட்டும் தார் பூசி அப்படியே நிறுத்திவிட்டார். அங்கேயே அவர் கேட்ட கேள்வி சங்கடமானது. தோண்டியவன் போட்டுவிட்டுப் போன குழியைக் கலை மலிவாக அழகுபடுத்திக் கொடுத்தால், அடுத்த குழியைத் தோண்டுவது இன்னும் சுலபமாகிவிடாதா?

பகலெல்லாம் வங்கியில் பேரேட்டோடு உட்கார்ந்திருப்பவன் நான். எனக்கு இது தள்ளுபடி என்ற விஷயமாகப் படுகிறது. வராக்கடனைத் தள்ளுபடி செய்தால் பேரேடு சுத்தமாகிவிடும். பணம் வந்துவிடாது. குழியின் மேல் விரித்த புல்லும் அத்தகையதுதான். மாரிஸின் கரிய கட்டைகள் அந்தப் பற்றை அழிக்க மறுக்கின்றன. ஆனால் மறுப்பதோடு நின்றுவிடுகின்றன.

மெல் சின் வசூலில் இறங்கினார். சில செடிகள் வேர் வழியே கன உலோகங்களை உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. அறுத்து எரித்தால் சாம்பலிலிருந்து உலோகத்தைத் திரும்ப எடுக்கலாம். ரூஃபஸ் சேனி என்ற அமெரிக்க அரசின் விவசாய விஞ்ஞானி 1983-லேயே இதைப் பற்றி எழுதியிருந்தார். சின் அவரைத் தேடிப் போனார். 1990-ல் தேசியக் கலை நிதியம் 10,000 டாலர் தர இருந்தது. அதன் தலைவர் ஜான் ஃப்ரான்மேயர், இது கலைதானா என்று சந்தேகித்து நிறுத்திவிட்டார். சின் நேரில் போய் வாதாடிய பிறகு பணம் கிடைத்தது. சந்தேகம் அவ்வளவு முட்டாள்தனமானதல்ல. மண்ணுக்குள் உலோகம் குறைவதை எந்தக் கண் பார்க்கும்?

1991-ல் மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில், காட்மியமும் துத்தநாகமும் ஊறிப்போன பிக்ஸ் ஐ குப்பைமேட்டில், பக்கத்துக்கு 60 அடி கொண்ட சதுரம் ஒன்றை வேலியிட்டார்கள். அதற்குள் ஒரு வட்டம். வட்டத்துக்குள் செடிகள், மூலைகள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறுமனே விடப்பட்டன. சிற்பத்தின் வடிவமும் பரிசோதனையின் தேவையும் இங்கே வேறுவேறல்ல. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த த்லாஸ்பி என்ற சிறு செடி உலோகத்தை எடுத்துக் காட்டியது. 1993-ல் அந்த வயல் முடிந்தது. குப்பைமேடு சுத்தமாகிவிடவில்லை, 60 அடிச் சதுரம் அதற்கு எம்மாத்திரம்? ஆனால் மாரிஸின் கேள்விக்கு ஸ்தூலமான பதில் ஒன்று கிடைத்தது. மண் பட்ட கடனை அங்கே யாரும் மறைக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அது செடியின் உடம்பில் ஏறி, தராசில் எடை காட்டியது.

வூஸ்டர் தெரு மண் 1977-ல் இருந்தபடியே இருக்கிறது. வாசலில் நின்று பார்ப்பவரை அது மௌனமாக்கும் என்கிறார்கள், நம்புகிறேன். செயின்ட் பால் வயலில் நின்று பார்க்க இன்று ஒன்றும் மிச்சமில்லை. விமரிசகன் கண்ணை மட்டும் நம்பினால் முதலாவதைத்தான் தேர்ந்தெடுப்பான். நான் இரண்டாவதன் பக்கம்.