கார்-டி உயிரணு மருத்துவத்தின் நரம்பியல் பக்க விளைவுகள்

கார்-டி உயிரணு மருத்துவம் என்பது நோயாளியின் குருதியிலுள்ள டி-உயிரணுக்கள் எனும் வெள்ளையணுக்களைப் பிரித்தெடுத்து, புற்று உயிரணுக்களைத் தாக்குமாறு மரபணு மாற்றம் செய்து, மீண்டும் உடலில் செலுத்தும் முறையாகும். இது குருதிப் புற்றுநோய்கள் சிலவற்றுக்குப் பயன்படுகிறது. இவ்வுயிரணுக்களை மருத்துவமனையிலேயே உருவாக்கி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்திய ஆய்வின் முடிவுகள் 2025இல் வெளியாயின.

உயிரணுக்களைச் செலுத்திய ஓரிரு வாரங்களுக்குள் சிலருக்கு மூளையின் செயற்பாடு பாதிக்கப்படுவதுண்டு. சைட்டோக்கைன்கள் மிகுதியாகச் சுரந்து, குருதி-மூளைத் தடுப்பு தளர்வது இதற்கு ஒரு காரணமாகும். சொல் தடுமாற்றம், குழப்பம், கையெழுத்துச் சிதைவு ஆகியன தொடக்க அறிகுறிகள். முற்றினால் வலிப்பும் மூளை வீக்கமும் ஏற்படலாம்.

இதைக் கண்டறிய 10 புள்ளிகள் கொண்ட எளிய சோதனை உள்ளது. ஒரு வாக்கியம் எழுதுவதும், 100இலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணுவதும் அதில் அடங்கும். உரிய நேரத்தில் ஸ்டீராய்டு மருந்து அளித்தால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். எனவே, நோயாளியின் பேச்சிலோ எழுத்திலோ மாற்றம் கண்டால் உறவினர் உடனே மருத்துவரிடம் தெரிவித்தல் இன்றியமையாதது.