இப்னு கல்தூனும் எழுத்துச் சக்கரமும்

ஹிஜ்ரி 779 (கி.பி. 1377)இல் இன்றைய அல்ஜீரியாவிலுள்ள கல்அத் இப்னு ஸலாமாவில் ஒதுங்கியிருந்து இப்னு கல்தூன் ஐந்தே மாதங்களில் எழுதிய 'முகத்திமா'வை வரலாற்றுத் தத்துவ நூலாகவே நாம் பாடம் நடத்தி வருகிறோம். மனிதச் சிந்தனை குறித்தும், சிந்திப்பதுபோல் தோன்றும் ஒரு சாதனம் குறித்தும் அதில் அவர் எழுதியுள்ளவற்றை விரைந்து கடந்துவிடுகிறோம்.

அச்சாதனம் 'ஸாயிர்ஜா'. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் மராக்கிஷில் வாழ்ந்த சூஃபி அபுல் அப்பாஸ் அஸ்ஸப்தியின் பெயரால் வழங்குவது. ஒன்றனுள் ஒன்றாக வட்டங்கள். அவற்றில் எழுத்துகளும் எண்களும். மறுபுறம் 55க்கு 131 கட்டங்கள் கொண்ட அட்டவணை. கேள்வியைத் தனி எழுத்துகளாகப் பிரித்து, அவ்வேளையின் உதய ராசியையும் சேர்த்துக் கணக்கிட்டால் யாப்புப் பிசகாத செய்யுளாக விடை வரும்!

செய்யுளை முன்பே இயற்றிவைத்து ஏமாற்றுகிறார்கள் என்றனர் சிலர். இப்னு கல்தூன் அதை ஏற்கவில்லை. ஒரு புதிர்க்கணக்கைக் காட்டினார். கையிலுள்ள ஒவ்வொரு திர்ஹத்திற்கும் மூன்று ஃபுலூஸ் வீதம் எடுத்துவைத்து, அக்காசுகள் அனைத்துக்கும் ஒரு பறவை வாங்குக. அதே விலையில் திர்ஹம்கள் அனைத்துக்கும் பறவைகள் வாங்குக. மொத்தம் எத்தனை? ஒன்பது. திர்ஹத்திற்கு 24 ஃபுலூஸ் ஆதலால் மூன்று ஃபுலூஸ் எட்டில் ஒரு பங்கு; திர்ஹம்களுக்கு எட்டுப் பறவைகள், முன்னர் வாங்கியது ஒன்று. திர்ஹம்கள் எத்தனை என்பதே தெரிய வேண்டியதில்லை! கேட்பவருக்கு மறைபொருள் வெளிப்பட்டதாகத் தோன்றும். விடையோ கேள்விக்குள்ளேயே இருந்தது.

ஸாயிர்ஜாவும் அத்தகையதே என்பது அவர் முடிவு. மாலிக் இப்னு வுஹைபின் ஓர் அடியே அதற்கு அடிப்படை. ஆகவே விடையும் அதே யாப்பில், அதே இயைபில் பிறக்கிறது. பொருந்துவது கேள்வியின் சொல்லும் விடையின் சொல்லும் மட்டுமே. விடை புறவுலக நிகழ்வோடு பொருந்துமா என்பது வேறு. மறைவான செய்தியை அதனால் அறிய இயலாது. பலரும் எள்ளி ஒதுக்கிய ஒன்றை இவ்வளவு பொறுமையாக ஆராய்ந்தது நம்மை வியக்க வைக்கிறது.

மனித அறிவையோ அவர் பகுத்தறிதல், பட்டறிதல், தத்துவ ஆய்வு என மூன்று படிகளாகக் காண்கிறார். செயலின் காரணத் தொடரை மனம் எவ்வளவு தூரம் பின்தொடர்கிறது என்பதே மனிதத் தகுதியின் அளவு. சதுரங்கத்தில் சிலர் மூன்று, ஐந்து நகர்வுகளை முன்கூட்டியே காண்பதும், சிலரால் அது இயலாமற்போவதும் அவர் தரும் எடுத்துக்காட்டு.

2022 முதல் பரவியுள்ள உரையாடும் கணினிகள் ஸாயிர்ஜாவின் வழித்தோன்றல்கள் அல்ல. அவற்றின் நுட்பம் வேறு. ஆயினும் அவர் எழுப்பிய வினா அவற்றுக்கும் உரியது. அண்மையில் மாணவர் ஒருவர் அத்தகைய கணினி எழுதிய அரபுக் கட்டுரையை நம்மிடம் தந்தார். நஹ்வுப் பிழை ஒன்றுமில்லை. அதில் சுட்டப்பட்டிருந்த நூலைத்தான் எந்தப் பட்டியலிலும் காண இயலவில்லை.